வெட்டாமல் விட்ட இடம்

கேள்வி: வெள்ளைத் தாளில் வெட்டிச் செய்த சிற்பம் ஒன்றை நேரில் பார்த்தேன். கண்ணை எடுக்கவே முடியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவரிடம் "என்ன பொறுமை!" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. இதில் எதைப் பார்த்து ரசிக்க வேண்டும்? இது கலையா, நுணுக்கமான கைவேலை மட்டும்தானா? நானும் முயன்று பார்க்கலாமா?

பதில்:

பொறுமையிலிருந்தே தொடங்குகிறேன். காகிதம் வெட்டுகிறவர்கள் அதிகம் கேட்டுச் சலித்துப்போன பாராட்டு அது. நானும் பல வருடமாகப் பொழுதுபோக்காக வெட்டிக்கொண்டிருக்கிறேன். என் வேலையைப் பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான், கோபம் ஒன்றுமில்லை. ஆனாலும் அது ஒரு பாடகரிடம் போய் "எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறீர்கள்!" என்று வியப்பதைப் போன்றது. மூச்சு வேண்டும்தான். பாட்டு அதுவல்லவே.

மணிக்கணக்காக உட்கார்ந்து வெட்டப் பலராலும் முடியும். எங்கே வெட்டுவதை நிறுத்துவது என்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் ஒரு காகிதச் சிற்பத்தின் முன்னால் நிற்கும்போது வெட்டிய இடங்களை எண்ணாதீர்கள். வெட்டாமல் விட்ட இடங்களைத் தேடுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாம் இதன் விளக்கம்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் காலெசன் என்ற கலைஞரின் வேலைகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். நாம் அச்சு எடுக்கப் பயன்படுத்தும் அதே ஏ4 அளவு வெள்ளைத் தாள். சாதாரண அச்சுத்தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம். அப்படி ஒரு ஏ4 தாளின் எடை சுமார் 5 கிராம், தடிமன் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒற்றைத் தாளிலிருந்து ஒரு கோட்டை எழுந்து நிற்கும், அல்லது ஒரு எலும்புக்கூடு, அல்லது பறக்கத் தொடங்கும் பறவை. உருவம் எந்தத் தாளிலிருந்து வந்ததோ அந்தத் தாளும் கூடவே இருக்கும். அதில் உருவத்தின் வடிவத்திலேயே ஒரு ஓட்டை. உருவம் முழுதாகப் பிய்ந்து போகாமல் ஏதோ ஒரு மூலையில், ஒரு மெல்லிய மடிப்பில், தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் உருவத்தைப் பார்ப்போம், பிறகு ஓட்டையைப் பார்ப்போம். இரண்டும் ஒரே பரப்பு என்பது மூன்றாவதாகத்தான் உறைக்கும். கோட்டையின் ஒவ்வொரு சுவரும் கூரையும் அந்தத் தட்டையான ஓட்டைக்குள்ளிருந்து வந்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து ஒரு துண்டு கடன் வாங்க முடியாது. அப்படியென்றால் அவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே, தட்டையாகக் கிடக்கும் வெள்ளைத் தாளில் அந்தக் கோட்டை விரித்துப்போட்ட சட்டை மாதிரி அவர் மனத்தில் கிடந்திருக்க வேண்டும். எந்தச் சுவர் எந்தச் சுவரோடு பிறக்கிறது, எந்த ஓரம் மடிப்பாகிறது, எது வெட்டாகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவான கணக்கு. அதற்குப் பிறகுதான் பொறுமையின் வேலை.

இந்தக் கணக்கு ஏன் கடினம் என்பதற்குக் காகிதத்தின் குணம் தெரிய வேண்டும். ஒரு தாளை எடுத்து ஒரு முனையை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். மறுமுனை தொங்கிவிடும். இப்போது பிடித்த இடத்திலேயே தாளை லேசாகக் குழிவாக வளையுங்கள், உள்ளங்கையில் தண்ணீர் ஏந்துவது போல. தொங்கிய தாள் விறைத்து நீட்டி நிற்கும். எடை கூடவில்லை, எதையும் ஒட்டவில்லை. ஒரு திசையில் வளைந்த காகிதம் இன்னொரு திசையில் வளைய மறுக்கிறது, அவ்வளவுதான். ஜெர்மன் கணித மேதை காஸ் 1827இல் வெளியிட்ட ஒரு தேற்றம் இதன் அடியில் இருக்கிறது: நீளாத, சுருங்காத ஒரு தளத்தை ஒரே சமயத்தில் இரண்டு திசையிலும் வளைத்துக் கிண்ணமாக்க முடியாது. உருண்டையின் மேல் தாளைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது சுருக்கம் விழுந்தே தீரும்.

களிமண்ணை எப்படி வேண்டுமானாலும் குழைக்கலாம். தகரத்தைத் தட்டித் தட்டிக் குழிவாக்கலாம். காகிதம் அதற்கு இடம் கொடுக்காது. அதற்கு உருளை தெரியும், கூம்பு தெரியும், மடிப்பு தெரியும். உருண்டை தெரியாது. ஒரு கன்னத்தையோ, பறவையின் நெஞ்சையோ, பழத்தின் வளைவையோ காகிதத்தில் நீங்கள் பார்த்தால், அது உண்மையில் பல கூம்புகளும் மடிப்புகளும் சேர்ந்து உங்கள் கண்ணுக்குக் காட்டும் பாசாங்கு. ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு சின்ன வெட்டு போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்து ஒட்டினால் தாள் மேலெழும்பும். அந்த வெட்டை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் கேள்வி. கைதேர்ந்தவர் அதை இமையின் அடியிலோ, இறகுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்திலோ மறைத்துவிடுவார். அடுத்த முறை பார்க்கும்போது தேடிப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால் ஒரு திருட்டு மகிழ்ச்சி வரும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் செய்தவர் மீது மரியாதை வரும்.

வளைகோட்டு மடிப்பு என்று ஒன்று இருக்கிறது. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்த விஷயம் அதுதான். நேர்க்கோட்டில் மடித்தால் தாள் இரண்டு தட்டையான பலகைகளாக நிற்கும். வில் மாதிரி வளைந்த கோட்டில் கத்தி முனையால் லேசாகக் கீறி மடித்தால், இரண்டு பக்கமும் தானாகவே எதிரெதிராக வளைந்து, ஒரு இலை உயிரோடு எழுந்து உட்காரும். கீறல் தாளின் பாதி ஆழத்தைத் தாண்டக் கூடாது. கீறிய பக்கம் மடிப்பின் வெளிப்பக்கமாக, மேடாக வர வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் உட்பக்கமாக மடித்துத் தாளைக் கிழித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு டேவிட் ஹஃப்மன் என்ற பெயர் தெரிந்திருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஹஃப்மன் குறியீட்டைக் கண்டுபிடித்தவர். அவர் பின்னாளில் வளைகோட்டு மடிப்புகளில் மனத்தைப் பறிகொடுத்து, வருடக்கணக்கில் தாள்களைக் கீறி மடித்துக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டு வாழ்ந்த மனிதரை ஒரு வளைந்த கோடு அப்படிப் பிடித்துக்கொண்டது என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்!

காகிதத்துக்குப் பிடித்ததைச் செய்வது பற்றி ஒரு பழைய வகுப்பறைச் சம்பவம் உண்டு. ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப் பள்ளியில் ஜோசப் ஆல்பர்ஸ் அடிப்படை வகுப்பு எடுத்த 1920களில் நடந்தது. ஒரு கட்டு செய்தித்தாளைக் கொண்டுவந்து மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, இதை வீணாக்காமல், முடிந்தால் பசை இல்லாமல், இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றாக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அறை முழுக்கக் கோட்டை, கப்பல், விமானம், விலங்கு. அவர் எதையும் மெச்சவில்லை. இதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். பிறகு ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் மடித்துத் தடுப்புத் தட்டி போல நிறுத்தி வைத்திருந்ததைக் காட்டினார். தொய்ந்து கிடக்கும் ஒரு தாள், ஒரு மடிப்பால், தன் மெல்லிய ஓரத்தின் மேலேயே நிற்கிறது. அது காகிதத்தால் மட்டும் முடிகிற காரியம். காகிதச் சிற்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியை நான் மனத்துக்குள் கேட்டுக்கொள்வேன்: இது மரத்தில் செய்திருந்தால் எதை இழந்திருக்கும்? ஒன்றையும் இழந்திருக்காது என்றால், எத்தனை ஆயிரம் வெட்டு இருந்தாலும் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வருவதில்லை.

இன்னொன்று நார் ஓட்டம். அச்சகத்தில் கிரெயின் என்பார்கள். இயந்திரத்தில் காகிதம் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஓரளவு நேராகக் கிழியும், மறுபக்கம் கண்டபடி ஓடும். நேராகக் கிழிவதுதான் நாரின் திசை. அதன் போக்கில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் மடிப்பின் மேல் நார் உடைந்து பிசிறு தெரியும். காற்றில் ஈரம் ஏறினால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில்தான் ஊதும். அதனால் தாள் நாரின் திசையைவிட அதற்குக் குறுக்கே பல மடங்கு அதிகமாக விரியும். மழை நாளில் ஒட்டிய வேலை, காற்று காய்ந்ததும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது இதனால்தான். பெரிய வேலையில் எல்லாத் துண்டுக்கும் நார் ஒரே திசையில் இருக்கும்படி வெட்டியிருப்பார்கள். பார்வையாளருக்கு இது தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

கத்திக்கு வருகிறேன். தட்டையான வலைப்பின்னல் வெட்டு வேலையில் எல்லாத் துண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொடு இடங்களைப் பாலம் என்போம். பறவையின் கண்ணைச் சுற்றி வெட்டினால் கண் கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் பாலமாகத் தெரியக் கூடாது. இமையாகவோ சுருக்கமாகவோ நிழலாகவோ தெரிய வேண்டும். சரியாக வரைந்தவரின் வேலையில், உருவத்தைத் தாங்குகிற கோடும் உருவத்தைச் சொல்கிற கோடும் ஒன்றாகவே இருக்கும். இரண்டும் பிரிந்து, 'இது விழாமல் இருக்க வைத்த குச்சி' என்று தெரிந்துவிட்டால் வடிவமைப்பு அங்கே தோற்றுவிட்டது.

வெட்டும் வரிசைக்கும் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் மிக நுண்ணிய துளைகள் முதலில், பெரிய வெற்றிடங்கள் பிறகு, வெளி ஓரம் கடைசியில். பெரிய இடத்தை முதலில் எடுத்துவிட்டால் தாளுக்கு இறுக்கம் போய்விடும், நுண்ணிய வெட்டின்போது கத்தியோடு சேர்ந்து தாளும் நகரும். முகம் இருந்தால் முகத்தை முதலில் வெட்டுவது நல்லது. கெட்டுப்போனால் சீக்கிரம் கெட்டுப்போகட்டும், இரண்டு வார உழைப்புக்குப் பிறகு வேண்டாம். வளைவில் கத்தியைத் திருப்புவதைவிட, கத்தி பிடித்த கையை அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் தாளைத் திருப்ப வேண்டும். இது பழக ஒரு மாதம் ஆகும். பழகிய பிறகு இடது கைதான் வரைகிறது, வலது கை சும்மா ஊன்றிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

ஒரு முறை ஒரு ஆலமரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். கிளைகள் முடிந்து விழுதுகளில் இருந்தேன். ஒவ்வொரு விழுதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நான்கு மாலைகள் போயிருந்தன. கடைசி வரிசையில், பிளேடு முனை மழுங்கிவிட்டது என்று தெரிந்தும், 'இன்னும் மூன்றே வெட்டுதானே' என்று மாற்றாமல் அழுத்தினேன். மழுங்கிய முனை வெட்டாது, நாரை இழுத்துக்கொண்டு போகும். ஒரு விழுது சத்தமே இல்லாமல் நடுவில் அறுந்தது. அறுந்ததும் அதன் பக்கத்து விழுதும் தளர்ந்து லேசாக வளைந்துகொண்டது. ஒட்டிச் சரிசெய்தேன். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்த இடம் வீங்கித் தெரிகிறது. அன்றிலிருந்து முனை போய்விட்டதா என்ற சந்தேகம் வந்த நொடியே மாற்றிவிடுகிறேன்.

உலகம் முழுக்க இந்தக் கலை வேறு வேறு கருவிகளில் வளர்ந்திருக்கிறது. கருவி எதுவோ, அதன் கையெழுத்து ஓரத்தில் தெரியும். போலந்தில் கிராமத்துக்காரர்கள் ஆட்டு ரோமம் வெட்டும் பெரிய கத்தரியால் மடித்த தாளை வெட்டினார்கள். அந்தக் கனத்த கத்தரி நெளிந்து நெளிந்து போகாது. அதனால் அவர்களுடைய சேவலும் மரமும் திடமாக, சீரான இரட்டை உருவமாக இருக்கும். மெக்சிகோவில், குறிப்பாக பூயெப்லா மாநிலத்தின் சான் சால்வடோர் ஹுயிஷ்கோலோட்லா ஊரில், மெல்லிய வண்ணத்தாளை ஐம்பது வரை அடுக்கி, உளியும் சுத்தியலும் கொண்டு குத்தி எடுக்கிறார்கள். அங்கே வடிவமே உளி முனைகளின் வடிவத்தில்தான் பிறக்கிறது. சீனாவில் கத்தரியும் உண்டு, கத்தியும் உண்டு. அந்நாட்டின் காகித வெட்டுக் கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வட இந்தியாவில், மதுராவின் சாஞ்சி வேலையில் வெட்டிய தாள் அச்சு மட்டும்தான். வண்ணப் பொடி அதன் ஓட்டைகள் வழியே தரையில் இறங்கி ஓவியமாகும். எடுத்த இடமே படமாகிறது, தாள் ஒதுங்கிக்கொள்கிறது.

சுவிட்சர்லாந்தில் யோகான் யாகோப் ஹவுஸ்விர்த் என்று ஒருவர் இருந்தார், 1809 முதல் 1871 வரை. ஊர் ஊராகக் கூலி வேலை செய்து திரிந்த மனிதர். மலை மேய்ச்சலுக்கு மாடுகள் வரிசையாக ஏறிப்போகும் காட்சிகளை மயிரிழை நுணுக்கத்தில் கத்தரித்தார். அவருடைய விரல்கள் அத்தனை பருமன், கத்தரியின் வளையத்துக்குள் நுழையாது, கம்பியை வளைத்துக் கைப்பிடியில் கட்டித்தான் வெட்டினார் என்று சொல்வார்கள். மென்மையான கை வேண்டும், நீண்ட விரல் வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் எடுத்து விடும் பெயர் இது.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைக் கதாசிரியராகத்தான் நமக்குத் தெரியும். அவர் கதை சொல்லிக்கொண்டே ஒரு பெரிய கத்தரியால் மடித்த தாளை வெட்டிக்கொண்டிருப்பார். கதை முடியும் சமயத்தில் தாளைப் பிரிப்பார், உள்ளே நடனக்காரிகளும் அன்னங்களும் கோட்டைகளும் இருக்கும். பென்சில் கோடு கிடையாது. ஒரு வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றை வெட்ட, அப்படி ஒரு மனிதர்.

இது கலையா, கைவேலையா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியை நான் அவ்வளவாக மதிப்பதில்லை, ஆனால் மூன்று பேரைச் சொல்கிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள். மேரி டெலானி, இங்கிலாந்து, பிறந்தது 1700. 72ஆம் வயதில், மேசையில் கிடந்த ஒரு சிவப்புத் தாளும் பக்கத்திலிருந்த பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்து வெட்டத் தொடங்கினார். கறுப்புப் பின்னணியில் இதழ் இதழாக, நரம்பு நரம்பாக வண்ணத்தாள் துணுக்குகளை ஒட்டினார். ஒரே பூவில் இருநூறுக்கும் மேல் துணுக்குகள் கொண்டவையும் உண்டு. கண் பார்வை போய் நிறுத்தும்வரை பத்து வருடத்தில் 985 பூக்கள். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. தாவரவியலாளர்கள் பார்த்து மெச்சும் அளவுக்குத் துல்லியம். அதே சமயம் அந்தக் கறுப்பிலிருந்து பூ வெளியே வருகிற விதத்தில் துல்லியத்தைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் பெரிய அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும். தூரிகையோடு நின்று வரைய முடியாத நிலையில் உதவியாளர்கள் வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி, சுவரில் குத்தி, மாற்றி மாற்றி அமைத்தார். 1953இல் செய்த 'நத்தை' கிட்டத்தட்ட மூன்று மீட்டர் சதுரம். அதில் நுணுக்கம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. வெட்டு ஓரங்கள் கோணல்மாணல். பொறுமையை அளவுகோலாக வைத்தால் மத்தீஸ் இதில் தேறவே மாட்டார்.

மூன்றாவது, அமெரிக்காவின் காரா வாக்கர். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வசதியான வீடுகளில் கறுப்புத் தாளில் முகத்தின் பக்கவாட்டு நிழலை வெட்டி மாட்டிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. அந்த அடக்கமான, அழகான முறையையே எடுத்து, 1994 முதல், ஆளுயரக் கறுப்பு உருவங்களை வெள்ளைச் சுவர் முழுக்க ஒட்டினார். தூரத்திலிருந்து விழாக்கோலம் போலத் தெரியும். கிட்டே போனால் அடிமை முறையின் வன்முறையும் அவமானமும். கறுப்பு நிழலில் முகபாவம் கிடையாது, ஓரக்கோடு மட்டும்தான். மீதியை நம் மனமே நிரப்பிக்கொள்கிறது, எதை நிரப்பினோம் என்று நமக்கே கூசுகிறது. இந்த வேலையை எண்ணெய் வண்ணத்தில் செய்திருந்தால் இப்படிக் குத்தியிருக்காது.

புத்தகத்தை வெட்டிச் செய்யும் சிற்பங்கள் பற்றியும் பலர் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தடை உண்டு. நல்ல புத்தகத்தில் கத்தி படுவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். ஆனாலும் 2011இல் எடின்பரோவில் நடந்தது அந்தத் தடையைச் சற்றுத் தளர்த்தியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத்தின் மேசை ஒன்றில் யாரோ ஒரு சிற்பத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு புத்தகத்திலிருந்து வளரும் காகித மரம், பக்கத்தில் உட்புறம் பொன்னிறமான ஒரு முட்டை ஓடு, அதற்குள் சொற்கள் அச்சான துணுக்குகள். நூலகங்களுக்கு நன்றி என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு. பெயர் இல்லை. அந்த வருடத்துக்குள் நகரின் நூலகங்கள், அருங்காட்சியகங்கள் போன்ற இடங்களில் இப்படிப் பத்து வந்து சேர்ந்தன. செய்தவர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அச்சடித்த எழுத்தே இலையாகவும் பட்டையாகவும் இருக்கும்போது, காகிதத்தைத் தவிர வேறெதிலும் அந்த மரம் முளைத்திருக்காது.

லேசர் இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை. இன்று இணையத்தில் 'கையால் வெட்டியது' என்று சுற்றும் படங்களில் கணிசமானவை லேசர் வேலை. அதில் இழிவு ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான அடுக்குகளைக் கணினியில் திட்டமிட்டு லேசரால் வெட்டி, கோயில் கோபுரத்தின் உட்புறம் போல ஆழம் காட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் திட்டமிடல் எனக்கு வராது. பெயரை மாற்றிச் சொல்வதுதான் தவறு. கண்டுபிடிக்கும் வழி எளிது: வெள்ளைத் தாளில் லேசர் வெட்டின் ஓரம் லேசாகக் கருகிப் பழுப்பாக இருக்கும், எல்லா மூலையும் ஒரே அளவு உருண்டிருக்கும். கை வேலையில் மூலைகளில் இரண்டு வெட்டுகள் சந்திக்கும் இடத்தில், மயிரளவு கத்தி தாண்டிப்போன கீறல் எங்காவது ஒன்று இருக்கும். அந்தத் தாண்டலைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே ஒரு ஆள் இருக்கிறார்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். நேர் எதிரே நின்று பார்ப்பது போதாது. வெள்ளைத் தாளில் வெள்ளை உருவம் என்றால் அங்கே வண்ணம் என்பதே நிழல்தான். முன்னாலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் உருவம் தட்டையாகிச் செத்துவிடும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழுந்தால் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழும். கனடாவின் கால்வின் நிக்கல்ஸ் வெள்ளைத் தாளில் பறவைகளையும் விலங்குகளையும் இறகு இறகாக, மயிர்க்கற்றை கற்றையாக அடுக்குகிறார். உருவத்தின் ஆழம் கொஞ்சம்தான். ஒளி படும் கோணம்தான் அந்த ஆந்தைக்குக் கனத்தைக் கொடுக்கிறது. அதனால் வலப்பக்கம் இரண்டு அடி போங்கள், இடப்பக்கம் இரண்டு அடி போங்கள், குனிந்து கீழிருந்து பாருங்கள். தாள்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார் என்று பாருங்கள். தொங்கவிட்ட வேலையாக இருந்தால் சுவரில் விழும் நிழலையும் பார்த்துவிட்டு வாருங்கள். சில வேலைகளில் நிழலுக்காகத்தான் தாளே.

அறை இருட்டாக இருந்தால் குறைபட்டுக்கொள்ளாதீர்கள். காகித வேலைக்கு அருங்காட்சியகங்களில் வழக்கமாக 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். அதிக ஒளி தாளைப் பழுப்பாக்கும், நிறத்தை வெளுக்கும். மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளை மரக்கூழிலிருந்து நீக்காமல் செய்த மலிவான தாள் சில மாத வெயிலிலேயே மஞ்சளாகிவிடும், செய்தித்தாளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சரியான தாளும் வறண்ட இருட்டும் கிடைத்தால் காகிதம் ஆச்சரியமாகத் தாக்குப்பிடிக்கும். சீனாவில், சின்ஜியாங்கின் துர்பான் பகுதியில், பாலைவனக் கல்லறைகளிலிருந்து கிடைத்த வட்ட வடிவக் காகித வெட்டுகள் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மடித்து வெட்டிய சமச்சீர் இன்னும் அப்படியே இருக்கிறது.

முயன்று பார்க்கலாமா என்றால், தாராளமாக. ஏ4 அச்சுத்தாளில் தொடங்காதீர்கள், அது கை தேர்ந்தவர்களுக்கு. 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரையுள்ள தாள் எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் எண் பிளேடு பொருந்தும் கத்தி, அடியில் கட்டிங் மேட், இவை போதும். முதல் நாள் வலைப்பின்னல் வெட்டுக்குப் போக வேண்டாம். ஒரு இலையின் ஓரத்தை வெட்டுங்கள், நடு நரம்பை வளைகோடாகப் பாதி ஆழம் கீறுங்கள், கீறல் வெளிப்பக்கம் இருக்க மடியுங்கள். அது எழுந்து உட்காரும் தருணத்தைப் பார்த்துவிட்டால் இரண்டாவது இலையை நீங்களே வெட்டுவீர்கள். பிறகு இறகு: நடுத்தண்டைக் கீறி, இரண்டு ஓரத்திலும் சாய்வாக நெருக்கமாக வெட்டிவிட்டு, கத்தியின் முதுகால் ஒவ்வொரு இழையையும் மெதுவாக வருடி இழுத்தால் அவை சுருண்டுகொள்ளும். தண்டை ஒட்டி இரண்டு மில்லிமீட்டரை வெட்டாமல் விடுங்கள். ஆசையில் தண்டு வரை வெட்டினால் இறகு கையிலேயே உதிரும்.

பிளேடுகளைச் சிக்கனம் பார்க்காதீர்கள். தூக்கிப்போடும் பிளேடை அப்படியே குப்பையில் போடவும் வேண்டாம், குப்பை எடுப்பவர் கையைக் கிழிக்கும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவின் மூடியில் சிறு பிளவு போட்டு அதற்குள் தள்ளிவிடுங்கள். என்னுடையது பாதி நிறைந்திருக்கிறது. அதில் ஒன்று அந்த ஆலமரத்து பிளேடு.